வீட்டு வாசலும் ஊர்ப் பொறுப்பும்

சென்னை மாநகரின் மேற்கே, பூவிருந்தவல்லிக்கும் ஆவடிக்கும் இடையில் அமைந்த பழம்பதி திருவேற்காடு. வேல மரங்கள் அடர்ந்த காடாக இருந்தமையால் இவ்வூர் வேற்காடு எனப் பெயர் பெற்றது என்பர். நான்கு மறைகளும் வேல மரங்களாக நின்று இறைவனை வழிபட்டன என்று தலவரலாறு கூறும். திருஞானசம்பந்தரால் பாடப்பெற்ற வேதபுரீசுவரர் கோயிலும், நாடெங்கும் புகழ் பரவிய தேவி கருமாரியம்மன் கோயிலும் இவ்வூருக்கு அணி செய்கின்றன. அறுபத்து மூன்று நாயன்மாருள் ஒருவராகிய மூர்க்க நாயனார் இவ்வூரில் தோன்றியவர். அடியார்களுக்கு அமுதளித்த பின்னரே தாம் உண்ணும் நெறியினர் அவர்.

விருந்தோம்பலுக்குப் பெயர் பெற்ற இவ்வூருக்கு இன்றும் விருந்தினர் குறைவிலர். ஆடித் திங்களில் மக்கள் திரள் திரளாக வருகின்றனர். மஞ்சள் ஆடை உடுத்து, வேப்பிலை ஏந்தி, காலில் செருப்பின்றி நடந்து வருவோர் பலர். அவர்கள் முதலில் மிதிப்பது கோயிலின் கல் தளத்தையன்று. ஊரின் தெருக்களையே மிதிக்கின்றனர். தெரு செம்மையாக இருந்தால் வந்தவர் மனம் குளிரும். சீர்கெட்டிருந்தால் கால் நோகும். அத்தெருவைச் செம்மையாக வைத்திருப்பது யாருடைய கடமை என்பதே இங்கு ஆராயத்தக்கது.

பழைய வாசல்

தமிழர் இல்லங்களில் நாள் தொடங்குவது வாசலில்தான். கதிரவன் தோன்றுமுன் எழுந்து, வாசலைப் பெருக்கி, சாணம் கரைத்த நீர் தெளித்து, கோலமிடுவது இல்லத்துப் பெண்டிரின் வழக்கம். அவர்கள் பெருக்கிய இடம் பெரும்பாலும் வீட்டு மனைக்குள் அடங்கியதன்று. வீட்டுப் படிக்கு வெளியே, ஊர்ப் பொதுவாகிய தெருவின் ஒரு பகுதியே ஆகும். ஆயினும், ‘தெரு நமக்குரியதன்று, நாம் ஏன் பெருக்க வேண்டும்?’ என எவரும் வினவியதில்லை. ஒவ்வோர் இல்லமும் தன் வாசலை மட்டும் தூய்மை செய்தது; தெரு முழுவதும் தானே தூய்மையாயிற்று.

தெருவைப் போலவே நீர்நிலைகளையும் ஊரார் கூடிப் பேணினர். உத்தரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், ஊர்ச் சபையின் வாரியங்களுள் ஏரி வாரியம் ஒன்று இருந்ததைக் கூறுகின்றன. ஏரிக்கரையை உயர்த்தவும் வாய்க்காலைத் தூர் எடுக்கவும் வீட்டுக்கொருவர் வந்து உழைத்த வழக்கத்திற்குக் குடிமராமத்து என்று பெயர். 1858-ஆம் ஆண்டில் அன்றைய சென்னை மாகாண அரசு இவ்வழக்கத்தைச் சட்டத்திலும் இடம்பெறச் செய்தது. பொதுவான பொருளைப் பேணுவதில் ஒவ்வொருவர்க்கும் பங்குண்டு என்பது இந்நாட்டிற்குப் புதிய கருத்தன்று.

மாறிய காட்சி

திருவேற்காட்டை ஒட்டிக் கூவம் ஆறு செல்கிறது. அயனம்பாக்கம், பருத்திப்பட்டு முதலிய ஏரிகள் அண்மையில் உள்ளன. வயல்கள் சூழ்ந்திருந்த காலத்தில், பெய்த மழையில் ஒரு பகுதியை மண் உறிஞ்சியது. எஞ்சியது வாய்க்கால் வழியே ஏரிக்கும் ஆற்றுக்கும் சென்றது. பின்னர்ச் சென்னையின் புறநகர்கள் விரிந்தன. வயல்கள் மனைகளாயின, மனைகளில் மாடி வீடுகள் எழுந்தன, தெருக்கள் தாரும் சிமெண்டும் பூசப்பெற்றன. இப்பொழுது நீரை உறிஞ்ச மண் இல்லை. பெய்த மழை அனைத்தும் தெருவோர வடிகாலையே நம்பி நிற்கிறது.

ஒரு சிறு கணக்கு இதனை விளக்கும். 1,000 சதுர அடிப் பரப்புள்ள மாடியின் மேல் 10 செண்டிமீட்டர் மழை பெய்தால், அம்மாடியிலிருந்து மட்டும் ஏறத்தாழ 9,300 லிட்டர் நீர் இறங்கும். இத்தகைய வீடுகள் 20 உள்ள தெருவில் ஏறத்தாழ 1,86,000 லிட்டர் நீர் திரளும். தெருவின் மேலும் முற்றங்களின் மேலும் பெய்த மழை இதனிற் சேராது. இவ்வளவு நீரும் இரண்டு முழ அகலமுள்ள ஒரு வடிகால் வழியே செல்ல வேண்டும்.

அத்தெருவின் பத்தாம் வீட்டுக்காரர் தம் ஊர்தியை உள்ளே ஏற்றுவதற்காக வடிகாலின் மேல் சிமெண்டினால் ஒரு சாய்தளம் கட்டினார் எனக் கொள்க. வடிகாலின் வாய் குறுகியது. வேறொருவர் வீடு கட்டியபோது மீந்த மணலையும் செங்கல் துண்டுகளையும் தெருவோரத்தில் விட்டுவிட்டார். அவை வடிகாலில் சரிந்தன. மற்றொருவர் வீசிய பிளாஸ்டிக் பைகள் மிதந்து வந்து குறுகிய அவ்வாயில் அடைந்தன. மழை வந்தது. பத்தாம் வீட்டிற்குக் கீழே வடிகால் வறண்டு கிடந்தது. மேலே இருந்த ஒன்பது வீடுகளின் கூடங்களில் நீர் புகுந்தது. முதல் வீட்டில் வாழும் முதியவர் நனைந்த பாயை எடுத்துக்கொண்டு கட்டில்மேல் ஏறி அமர்ந்தார். அவர் வடிகாலை அடைத்தவரல்லர்; ஆயினும் துன்பம் அவர்க்கே வந்தது. வடிகால் ஒரு சங்கிலி போன்றது. ஒரு கண்ணி அறுந்தாலும் சங்கிலி பயன்படாது.

நீர் புகுந்தவர் வாளாவிருப்பதில்லை. அடுத்த கோடையில் தம் வீட்டுத் தளத்தை இரண்டடி உயர்த்துகிறார். அவர் வீட்டு நீர் அண்டை வீட்டிற்குச் செல்கிறது. அவ்வீட்டாரும் உயர்த்துகின்றனர். இவ்வாறு போட்டியிட்டு உயர்த்த இயலாத ஏழையின் வீடே முடிவில் குளமாகிறது.

நடப்போர் படும் இடர் வேறு. வீட்டுக்கு வீடு உயரம் மாறும் சாய்தளங்களும் படிகளும் தெருவோரத்தை மறித்தலின், பள்ளிச் சிறுவரும் முதியோரும் ஊர்திகள் விரையும் நடுத்தெருவில் இறங்கி நடக்க நேர்கிறது. நீர் தேங்கிய இடங்களில் சில நாட்களில் பச்சைப் பாசி படர்கிறது. பாசி படர்ந்த தளத்தில் கால் வைப்பது எண்ணெய் தடவிய பளிங்கில் கால் வைப்பதை ஒக்கும். அங்கு வழுக்கி விழும் முதியவர் இடுப்பெலும்பு முறிந்து, மாதக்கணக்கில் படுக்கையில் கிடக்கவும் கூடும்.

பனி நாடுகள் கண்ட விடை

மழை வானத்திலிருந்து பெய்கிறது. பாசி தானே முளைக்கிறது. இவற்றுக்கு வீட்டுக்காரர் எவ்வாறு பொறுப்பாவார் என்று சிலர் கேட்பர். இதே வினா குளிர் நாடுகளிலும் நெடுங்காலமாக எழுந்ததுண்டு. அங்கே மழைக்குப் பதிலாக வெண்பனி பொழிகிறது. நடைபாதையின்மேல் முழங்கால் அளவு பனி குவிவதுண்டு. மிதிபட்ட பனி இறுகிக் கண்ணாடி போன்ற பனிக்கட்டியாகிறது. அதன்மேல் நடப்போர் வழுக்கி விழுவது நாள்தோறும் நிகழ்வதாகும்.

ஆஸ்திரியா நாட்டின் 1960-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் இவ்வினாவிற்குத் தெளிவான விடை தருகிறது. ஊர்ப் பகுதிகளில் மனை உடையோர், தம் மனையை ஒட்டி 3 மீட்டருக்குள் அமைந்த பொது நடைபாதையை நாள்தோறும் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை பனியும் குப்பையும் இன்றி வைத்திருத்தல் வேண்டும். வழுக்கும் இடங்களில் மணல் முதலியன தூவுதல் வேண்டும். நடைபாதை இல்லாத தெருவாயின், தெருவின் ஓரத்தில் 1 மீட்டர் அகலத்திற்கு இக்கடமை உண்டு. கூரையின் விளிம்பில் தொங்கும் பனியையும் அவர்களே அகற்றுதல் வேண்டும்.

அமெரிக்க நாட்டின் மாசசூசெட்ஸ் மாநில வரலாறு மேலும் சிந்திக்கத்தக்கது. அங்கு நெடுங்காலம் வரை, இயற்கையாகக் குவிந்த பனியில் ஒருவர் வழுக்கி விழுந்தால், அம்மனைக்குரியவர் பொறுப்பாகார் என்பதே வழக்காக இருந்தது. 2010-ஆம் ஆண்டில் அம்மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் இவ்வேறுபாட்டை நீக்கிற்று. பனி தானே விழுந்ததா, மனிதர் ஒதுக்கியதா என்பது வினாவன்று. தம் மனைக்கு வருவோரின் நலன் கருதி, மனைக்குரியவர் தக்க கவனம் செலுத்தினாரா என்பதே வினா என்று அம்மன்றம் முடிவு செய்தது.

எல்லா ஊர்களிலும் இச்சுமை வீட்டுக்காரர் தோளில் மட்டுமே இருப்பதாக எண்ணுதல் கூடாது. ஈழத்திலிருந்து சென்ற தமிழர் பல்லாயிரவர் வாழும் கனடாவின் டொராண்டோ நகரில், பெரும்பாலான நடைபாதைகளின் பனியை மாநகராட்சியின் பொறிகளே அகற்றுகின்றன. ஆயினும் தம் வீட்டு முற்றத்துப் பனியைச் சாலையில் தள்ளுதல் அங்கும் குற்றமே. பொறுப்பைப் பகிரும் முறை ஊருக்கு ஊர் வேறுபடலாம். தன் சுமையைப் பிறர் வழியில் தள்ளலாகாது என்னும் அறம் வேறுபடுவதில்லை.

நீதிமன்றங்கள் கூறியவை

நீரைப் பற்றியும் இத்தகைய வழக்குகள் பழங்காலத்தே எழுந்துள்ளன. இங்கிலாந்தில் 1860-ஆம் ஆண்டில், ஆலை உடையார் ஒருவர் அமைத்த நீர்த்தேக்கத்திலிருந்து நீர் உடைத்துக்கொண்டு பாய்ந்து, அண்டையிலிருந்த நிலக்கரிச் சுரங்கத்தை மூழ்கடித்தது. ஒருவர் தம் நலனுக்காகத் தம் நிலத்தில் இயல்புக்கு மாறாகத் தேக்கிய நீர் வெளியேறிப் பிறர்க்குக் கேடு செய்யுமாயின், அவரே பொறுப்பாவார் என்று 1868-ஆம் ஆண்டில் அந்நாட்டின் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது.

சில ஆண்டுகளுக்குள் அதே நெறி தென்னாட்டு வழக்கொன்றில் ஆராயப்பட்டது. திருத்தணிக்கு அப்பால், இன்று ஆந்திர மாநிலத்தில் உள்ள கார்வேட்டிநகர ஜமீனில் ஏரிகள் உடைந்து, சென்னை இரயில்வேயின் பாலங்களுக்குச் சேதம் விளைந்தது. இரயில்வேயார் ஜமீன்தார்மீது வழக்குத் தொடுத்தனர். 1874-ஆம் ஆண்டில் இலண்டன் பிரிவி கவுன்சில் அதற்குத் தீர்ப்பளித்தது. இந்நாட்டின் ஏரிகள் ஒருவருடைய தனி நலனுக்காக அமைந்தவை அல்ல. தொன்றுதொட்டு உழவுக்கும் மக்கள் வாழ்வுக்கும் இன்றியமையாதவை. அவற்றைக் காத்தல் ஜமீன்தாரின் கடமை. ஆகலின், அவர் அக்கடமையில் கவனக்குறைவு காட்டினாலன்றிப் பொறுப்பாகார் என அக்கவுன்சில் கூறிற்று.

இவ்விரு தீர்ப்புகளையும் ஒருங்கு வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். பெருமழை பெய்ததற்காக எவரையும் குற்றஞ்சாட்ட இயலாது. ஆனால், தனக்குரிய கடமையைச் செய்யாமல் விட்டவனும், தன் வசதிக்காக நீரின் போக்கை மாற்றியவனும் மழையைக் காரணம் காட்டித் தப்ப இயலாது. ஏரியை ஆண்ட ஜமீன்தாரை நீதிமன்றம் விடுவித்தது, அவ்வேரி ஊருக்குப் பயன்பட்டமையால். வடிகாலை அடைக்கும் சாய்தளமோ ஒருவருக்கே பயன்படுவது.

நம் நாட்டுச் சட்டங்கள்

சென்னை மாகாணத்தில் 1920-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற மாவட்ட நகராட்சிகள் சட்டம், தெருவிலும் வடிகாலின் மீதும் இசைவின்றித் தடைகள் எழுப்புவதை விலக்கியது. 1939-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம், நோய்க்கு இடமாகும் தேக்க நீரை அகற்றுமாறு மனைக்குரியோரைப் பணிக்கும் அதிகாரத்தை உள்ளாட்சிக்கு அளித்தது. 2003-ஆம் ஆண்டில் தமிழக அரசு ஒவ்வொரு கட்டடத்திலும் மழைநீர் சேகரிப்பு அமைப்பு இருத்தல் வேண்டும் என ஆணையிட்டது. மாடியில் விழும் நீரைத் தெருவில் விடாது நிலத்துள் இறக்கினால், கிணறும் ஊறும், தெருவும் காக்கப்படும். 2016-ஆம் ஆண்டில் நடுவண் அரசு வெளியிட்ட திடக்கழிவு மேலாண்மை விதிகள், தெருவிலும் வடிகாலிலும் நீர்நிலைகளிலும் குப்பை எறிதல் கூடாது எனத் தடுத்தன. ஆறு, ஏரி முதலிய இயற்கைச் செல்வங்களைக் காத்தல் ஒவ்வொரு குடிமகனின் கடமை என 1976-ஆம் ஆண்டில் அரசியலமைப்பிலும் சேர்க்கப்பட்டது. சட்டத்திற்குக் குறைவில்லை, கடைப்பிடிப்பதிலேயே குறை உளது.

வீட்டுக்காரர் செய்யத்தக்கவை

தமிழகத்தின் வடகடற்கரைப் பகுதிக்கு மிகுதியான மழையைத் தருவது ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் வரும் வடகிழக்குப் பருவமழை. அது தொடங்குமுன் புரட்டாசியிலேயே தம் வாசலை ஒருமுறை நோக்குதல் நன்று. வடிகாலின் வாயை அடைத்த இலையும் பையும் அகற்றுக. கட்டடப் பொருள்களைத் தெருவில் விடற்க. ஊர்தி ஏறும் சரிவை மனையின் எல்லைக்குள்ளேயே அமைக்க. மழைநீர்க் குழியில் படிந்த மண்ணை ஆண்டுதோறும் எடுக்க. நடைபாதையில் பாசி படர்ந்தால், முரட்டுத் துடைப்பத்தால் தேய்த்துப் போக்கி, வழுக்கும் இடத்தில் மணல் தூவுக.

தேங்காய்ச் சிரட்டை, உடைந்த தொட்டி, பழைய டயர் முதலியவற்றில் தங்கும் சிறிதளவு நன்னீர் போதும். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு அதில் முட்டையிடும். முட்டை முதிர்ந்து கொசுவாகப் பறக்க ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள் ஆகும். ஆகவே வாரம் ஒருமுறை அந்நீரைக் கவிழ்த்துவிடும் இல்லம், தன் தெருவையே காக்கிறது.

முன்பு இவ்வேலைகள் அனைத்தும் பெண்டிர் தலையிலேயே விழுந்தன. இனி இல்லத்தில் உள்ள ஆடவரும் இளைஞரும் துடைப்பத்தைக் கையில் எடுத்தல் வேண்டும். நோயுற்றோரும் முதியோரும் தனித்து வாழும் வீட்டு வாசலை அண்டை வீட்டார் தம் வாசலாகக் கருதுதல் வேண்டும்.

ஊராட்சியின் பங்கு

இவ்வாறு கூறுவதால் உள்ளாட்சி மன்றத்தின் கடமை குறைந்துவிடாது. போதிய அகலமும் சரிவும் உடைய வடிகால் அமைத்தல், அதனை ஆறு வரை தொடர்ச்சியாகக் கொண்டு செல்லுதல், தூர் எடுத்த மண்ணை உடனே அள்ளிச் செல்லுதல், ஆக்கிரமிப்புகளை வேண்டியவர் வேண்டாதவர் என்று பாராது அகற்றுதல் ஆகியன அதன் பணிகள். 2015-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் காலையில் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செண்டிமீட்டரும் செம்பரம்பாக்கத்தில் 47 செண்டிமீட்டரும் மழை பதிவாயின. அத்தகைய பெருமழையை வீட்டு வாசலின் துடைப்பம் தடுத்துவிடாது. ஏரி, ஆறு, வடிகால் என்னும் பெருங்கட்டமைப்பு அதற்கு வேண்டும். ஆனால் ஆண்டுதோறும் பெய்யும் இயல்பான மழையிலேயே தெரு மூழ்குமாயின், அதற்கு ஊராட்சியும் வீட்டாரும் ஒருங்கே நாண வேண்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. கழிவுநீர்க் குழாயை மழைநீர் வடிகாலில் இணைத்தல் பெருந்தவறு. அடைத்துக்கொண்ட கழிவுநீர்த் தொட்டியிலும் பாதாளச் சாக்கடையிலும் இறங்குமாறு ஏழைத் தொழிலாளியைக் கூலிக்கு அழைத்தல் அதனினும் கொடியது. அங்குத் தேங்கும் நச்சுக்காற்று நொடியில் உயிரைப் பறித்துவிடும். தக்க பாதுகாப்பின்றி மனிதரை அங்கே இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியுள்ளது. தன் வாசல் தூய்மைக்காகப் பிறன் உயிரை விலை கொடுப்பது பொறுப்புணர்ச்சி ஆகாது.

முடிவுரை

வீட்டுப் படி வரை மட்டுமே தன் உடைமை என்பது உண்மை. ஆனால் ஒருவருடைய கடமை அவருடைய உடைமையின் எல்லையோடு முடிந்துவிடுவதில்லை. அதற்கு அப்பாலும் சில அடிகள் நீள்கிறது. ஆஸ்திரியாவில் அந்நீளத்தை 3 மீட்டர் எனச் சட்டம் அளந்து கூறுகிறது. தமிழகத்தில் முன்னோர் அதனைக் கோலத்தால் அளந்தனர்.

கோயில் தேரை ஒருவர் தனியே இழுத்தல் இயலாது. ஊர் கூடி வடம் பிடித்தாலே தேர் நிலை சேரும். மழைநீரும் அத்தகைய தேரே. ஒவ்வொரு வாசலும் அதற்கு வழிவிட்டால் அது தடையின்றிச் சென்று ஆற்றைச் சேரும். ஒரு வாசல் மறித்தாலும் நடுத்தெருவில் நின்றுவிடும். தன் வாசலில் வழிவிடுபவன் தன் வீட்டை மட்டுமன்று, தெருவின் முதல் வீட்டில் வாழும் முதியவரையும் காக்கிறான். ஊர்ப்பற்று என்பது அதுவே.

அருஞ்சொற்பொருள்

பதி – ஊர்
வாளாவிருத்தல் – ஒன்றும் செய்யாதிருத்தல்
தூர் – நீர்நிலையின் அடியில் படியும் வண்டல்
கண்ணி – சங்கிலியின் வளையம்
இடர் – துன்பம்
வடம் – தேர் இழுக்கும் பெருங்கயிறு
நிலை – தேர் நிற்பதற்குரிய இடம்

வினாக்கள்

1. ‘வடிகால் ஒரு சங்கிலி போன்றது’ – இக்கூற்றைப் பாடத்தில் வரும் எடுத்துக்காட்டால் விளக்குக.
2. ஆஸ்திரியா நாட்டுச் சட்டம் மனை உடையோர்க்கு விதிக்கும் கடமைகள் யாவை?
3. ஆலை உடையாரும் ஜமீன்தாரும் வெவ்வேறு தீர்ப்புப் பெற்றதன் காரணம் யாது?
4. வீட்டுக்காரரின் கடமைகளையும் ஊராட்சியின் கடமைகளையும் தனித்தனியே தொகுத்து எழுதுக.
5. உங்கள் தெருவின் வடிகால் எங்குத் தொடங்கி எங்கு முடிகிறது என்பதை நேரில் கண்டு, ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.